மூன்றரை அங்குல அகலத்துக்குள் ஓர் ஆய்வுக் கட்டுரை

சென்ற மாதம் என்னோடு பணிபுரியும் இளம் ஆய்வாளர் ஒருவர், மாநாட்டுக்கு அனுப்பவிருந்த தம் கட்டுரையின் முதல் வரைவைக் கொண்டுவந்து கொடுத்தார். சோதனைகளைக் கவனமாகச் செய்திருந்தார். கிடைத்த முடிவுகளும் வெளியே சொல்லத்தக்கவைதாம். ஆனால் வரைவு வேர்டில், 12 புள்ளி எழுத்தில், ஒன்றரை வரி இடைவெளியோடு 19 பக்கங்களுக்கு நீண்டிருந்தது. மாநாடு கேட்டிருந்ததோ, மேற்கோள் பட்டியலையும் சேர்த்து இரண்டு நெடுவரிசையில் 6 பக்கம். “ஃபார்மேட்டிங்கைக் கடைசி இரண்டு நாளில் பார்த்துக்கொள்ளலாம் சார், முதலில் எழுதி முடித்துவிடுகிறேன்” என்றார். கெடுவுக்கு அப்போது ஐந்து வாரம் இருந்தது. அன்று மாலை அவரோடு உட்கார்ந்து பேசியவற்றையும், பேசாமல் விட்டுப்போனவற்றையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். முதல் கட்டுரை எழுதுகிற வேறு யாருக்கேனும் இது பயன்படும்.

அவரிடம் நான் முதலில் சொன்னது ஒன்றுதான். 6 பக்கம் என்பதை முதல் நாளே ஏற்றுக்கொண்டவர், எதைச் சொல்ல வேண்டும் என்று தேர்ந்தெடுத்து எழுதுகிறார். 19 பக்கத்தைக் கடைசி இரண்டு நாளில் 6 ஆக்க முயல்பவர் கிடைத்த இடத்தில் வெட்டுகிறார். அப்படி வெட்டும்போது அறிமுகப் பகுதியின் அழகான வாக்கியங்களுக்குக் கை போவதில்லை. தரவை எப்படிப் பிரித்தோம், எந்த அளவுருக்களை எந்த மதிப்பில் வைத்தோம் என்கிற ‘சலிப்பூட்டும்’ வரிகள்தாம் முதலில் போகின்றன. அந்த வரிகள் இல்லாமல் வேறொருவர் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க முடியாது. ஆகவே வடிவமைப்பைத் தள்ளிப்போடுவது, கட்டுரையின் எந்தப் பகுதி உயிர்பிழைக்கும் என்ற முடிவை அவசரத்தின் கையில் ஒப்படைப்பதாகும். எழுதத் தொடங்கும் நாளிலேயே மாநாட்டின் வார்ப்புருவை, அதாவது பக்க அமைப்பை முன்கூட்டியே வகுத்துத் தரும் கோப்பைத் திறந்து, அதற்குள்ளேயே முதல் வாக்கியத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

எந்த வார்ப்புரு என்பதை மாநாட்டின் அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நினைவிலிருந்து முடிவு செய்யக் கூடாது. மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ.யின் மாநாட்டு வார்ப்புரு இரண்டு நெடுவரிசை கொண்டது. உடல் எழுத்து டைம்ஸ் எழுத்துருவில் 10 புள்ளி, சுருக்கம் 9 புள்ளித் தடித்த எழுத்து, மேற்கோள் பட்டியல் 8 புள்ளி. ஸ்பிரிங்கர் நிறுவனத்தின் கணினியியல் விரிவுரைக் குறிப்பு வரிசையோ ஒற்றை நெடுவரிசை. அதன் எழுத்துப் பரப்பு 122 மில்லிமீட்டர் அகலமும் 193 மில்லிமீட்டர் உயரமும் மட்டுமே. அங்கே 12 பக்கம் என்பதும் ஐ.இ.இ.இ.யில் 6 பக்கம் என்பதும் கேட்பதற்கு வெகு தொலைவாகத் தோன்றினாலும், உள்ளே போகும் சொற்களின் அளவில் அவ்வளவு தொலைவில்லை. கணினி மொழியியலுக்கான ஏ.சி.எல். மாநாட்டில் நெடுங்கட்டுரைக்கு 8 பக்கம், குறுங்கட்டுரைக்கு 4 பக்கம். மேற்கோள் பட்டியல் அந்தக் கணக்கில் சேராது, ஆனால் ஆய்வின் வரம்புகளைச் சொல்லும் ஒரு தனிப்பகுதி கட்டாயம். இயந்திரக் கற்றலுக்கான நியூரிப்ஸ் மாநாட்டில் அண்மை ஆண்டுகளில் 9 பக்கம். அதோடு ஒரு வினாப்பட்டியலையும் நிரப்பித் தர வேண்டும். பட்டியல் கணக்கில் சேருமா, பின்னிணைப்பு அனுமதிக்கப்படுமா, நன்றியுரை எங்கே நிற்கும் என்பவை மாநாட்டுக்கு மாநாடு மாறுகின்றன. ஒரே மாநாட்டிலும் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். நண்பர் சென்ற ஆண்டு பயன்படுத்திய கோப்பை வாங்கி அதில் எழுதத் தொடங்குவது பலர் செய்வது. அந்தக் கோப்பில் சென்ற ஆண்டின் மாநாட்டுப் பெயர் அடிக்குறிப்பில் ஒளிந்திருப்பதை மதிப்பாய்வாளர் கண்டுபிடிக்கும்வரை யாரும் பார்ப்பதில்லை.

காகித அளவும் அப்படித்தான். ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். அமெரிக்க லெட்டர் தாள் 215.9க்கு 279.4 மில்லிமீட்டர். உயரத்தில் ஏறத்தாழ பதினெட்டு மில்லிமீட்டர் வேறுபாடு. லெட்டர் கேட்கும் மாநாட்டுக்கு ஏ4இல் எழுதிவிட்டுக் கடைசி நாளில் மாற்றினால், ஒவ்வொரு பக்கத்திலும் வரிகள் நகர்ந்து, நீங்கள் இடம் பார்த்து வைத்த படங்கள் எல்லாம் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடும்.

விதிமீறல் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் அறிந்தது என் இரண்டாவது கட்டுரையில். பக்க வரம்பைவிடக் கால் பக்கம் கூடுதலாக வந்தது. வரிகளுக்கு இடையிலான தொலைவைச் சற்றே குறைத்தேன். படத்துக்கும் அதன் விளக்கத்துக்கும் இடையில் எதிர்மறை இடைவெளி கொடுத்தேன். மேற்கோள் பட்டியலை ஒரு புள்ளி சிறிதாக்கினேன். கண்ணுக்குத் தெரியாது என்று உண்மையாகவே நம்பினேன். கட்டுரை மதிப்பாய்வுக்கே போகாமல், வடிவமைப்பு விதிகளை மீறியது என்ற ஒரே வரியோடு ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. எட்டு மாத உழைப்பு அடுத்த ஆண்டின் கெடுவுக்காகக் காத்திருந்தது. அன்று மனம் கசந்தது உண்மை. பின்னர் நானே மதிப்பாய்வாளனாக ஒரே வாரத்தில் ஐந்து கட்டுரைகளைப் படிக்க நேர்ந்தபோது, நான்கின் பக்கங்கள் ஒரே சீராக இருக்க, ஐந்தாவது மட்டும் மூச்சு முட்டுவது போலத் தெரிந்ததைக் கண்டேன். அளவெடுத்துப் பார்க்காமலே அது கண்ணுக்குத் தெரிகிறது. மற்ற நால்வரும் அதே வரம்புக்குள் தங்கள் கருத்தைச் சொல்லப் பாடுபட்டிருக்கிறார்கள் என்பதையும் நினைத்தால், அந்த விதி யாருக்காக இருக்கிறது என்பது விளங்கும்.

வேர்டா, லேடெக்கா என்ற கேள்வியும் எழுந்தது. மாநாடு இரண்டையும் ஏற்றால், தெரிந்ததில் எழுதுவது குற்றமில்லை. ஆனாலும் சமன்பாடுகளும் பல படங்களும் குறுக்குக் குறிப்புகளும் உள்ள கட்டுரைக்கு லேடெக்கைக் கற்றுக்கொள்வதே நல்லது என்பேன். டொனால்ட் கனூத் தம் நூலின் இரண்டாம் பதிப்புக்காக 1977இல் வந்த அச்சுப்படிகளின் தரம் குன்றியிருந்ததைக் கண்டு மனம் பொறுக்காமல் டெக் என்ற எழுத்துக்கோப்பு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டியதுதான் லேடெக். அதன் அடிப்படை எண்ணம் இன்றும் நமக்கு உதவுகிறது: இது தலைப்பு, இது தேற்றம், இது பட விளக்கம் என்று ஆசிரியர் சொன்னால் போதும், அது எந்த அளவில் எங்கே நிற்க வேண்டும் என்பதை வார்ப்புரு பார்த்துக்கொள்ளும். மூன்றாம் படத்துக்கு முன்னால் புதிதாக ஒரு படத்தைச் செருகினால், கட்டுரை முழுவதும் எண்கள் தாமாகத் திருந்திக்கொள்ளும். இந்த ஒன்றுக்காகவே கற்றுக்கொள்ளலாம்.

இனி படங்கள். ஒரு கட்டுரையில் மிகுதியான நேரம் செலவழிக்கத் தகுந்த இடம் இதுதான் என்பது என் கருத்து. மதிப்பாய்வாளர் சுருக்கத்தைப் படித்தவுடன் பெரும்பாலும் படங்களுக்குத்தான் தாவுகிறார். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஐ.இ.இ.இ. வார்ப்புருவில் ஒரு நெடுவரிசையின் அகலம் ஏறத்தாழ 3.5 அங்குலம். நம் படம் வாழப்போகும் வீடு அவ்வளவுதான். அந்த இளம் ஆய்வாளர் பைத்தானின் மேட்பிளாட்லிப் நூலகத்தில் வரைந்த ஒரு வரைபடத்தை அன்று இருவருமாக எடுத்துப் பார்த்தோம். அந்த நூலகம், நாம் எதுவும் சொல்லாவிட்டால், 6.4 அங்குல அகலமும் 4.8 அங்குல உயரமும் கொண்ட படத்தை 10 புள்ளி எழுத்தில் வரைகிறது. அதை 3.5 அங்குலத்துக்குச் சுருக்கினால் எழுத்து 5.5 புள்ளியாகிவிடும். அவரோ திரையில் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று அகலத்தை 12 அங்குலம் ஆக்கியிருந்தார். கட்டுரைக்குள் வைத்தபோது அச்சுகளின் எண்கள் 3 புள்ளிக்கும் கீழே போய், எறும்பு ஊர்ந்த தடம் போல இருந்தன. கோடுகள் ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டன.

தீர்வு எளிது. படத்தைப் பெரிதாக வரைந்து சுருக்காமல், முதலிலேயே 3.5 அங்குல அகலத்தில் 8 புள்ளி எழுத்தோடு வரைந்து, கட்டுரைக்குள் அப்படியே, அளவு மாற்றாமல் வைக்க வேண்டும். அப்படி வரைந்தவுடன் அந்தப் படத்தில் ஐந்து கோடுகளுக்கு இடமில்லை என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. எந்த இரண்டை ஒப்பிட்டுக் காட்டினால் கட்டுரையின் வாதம் நிற்கும் என்று யோசித்தார். மூன்று கோடுகளை அட்டவணைக்கு அனுப்பினார். எஞ்சிய இரண்டின் பெயரையும் மூலையில் தனிப்பெட்டியாக வைக்காமல் கோட்டின் முனையிலேயே எழுதினார். 19 பக்க வரைவில் சொல்ல முடியாத தெளிவோடு, கட்டுரை எதைப் பற்றியது என்பதை அந்தச் சிறிய படம் சொன்னது. நெடுவரிசையின் அகலம் எப்படி நம் சிந்தனையை நேர்ப்படுத்துகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

வரைபடங்களையும் பாய்வுப் படங்களையும் வெக்டர் வடிவில், அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதையாத பி.டி.எஃப். கோப்பாகச் சேமிக்க வேண்டும். திரைப்பிடிப்பு எடுத்து ஒட்டுவதை நான் எக்காலத்திலும் ஏற்க மாட்டேன். புகைப்படம் போன்றவற்றுக்கு அங்குலத்துக்கு 300 படப்புள்ளி என்பது வழக்கமான அளவு. ஒரு நெடுவரிசை அகலத்துக்கு அது 1,050 படப்புள்ளிகள். கோட்டுப் படத்தை வெக்டராகத் தர வழியே இல்லையென்றால் 600, அதாவது 2,100 படப்புள்ளிகள். நிறத்தை மட்டும் நம்பி இரண்டு கோடுகளை வேறுபடுத்தவும் கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் படிப்பவர்களில் இருப்பார்கள். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் படிப்பவர்களும் இருப்பார்கள். ஒன்று தொடர்கோடு, மற்றொன்று விட்டுவிட்டு வரும் கோடு என்று வைத்தால் எல்லாரும் படிக்கலாம். கணினியியலாளர் சங்கமான ஏ.சி.எம்.இன் வார்ப்புருவில் ஒவ்வொரு படத்துக்கும் பார்வையற்ற வாசகருக்கான சொல்விளக்கம் தருவதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. அதை வெறுமையாக விடாமல், படத்தில் என்ன தெரிகிறது என்பதை இரண்டு வாக்கியத்தில் எழுதிவிட வேண்டும்.

அட்டவணையில் எனக்குள்ள குறை, அளவுக்கு மீறிய தசம இலக்கங்கள். அந்த வரைவில் துல்லியம் 93.4271 விழுக்காடு என்றிருந்தது. சோதனைக்கு எடுத்துக்கொண்ட மாதிரிகள் 500. ஒரே ஒரு மாதிரியின் விடை மாறினாலே துல்லியம் 0.2 விழுக்காட்டுப் புள்ளி நகர்ந்துவிடும். இப்படிப்பட்ட மதிப்பீட்டின் திட்டப்பிழை, அதாவது வேறு மாதிரிகளை எடுத்தால் மதிப்பு இயல்பாக ஊசலாடும் அளவு, ஏறத்தாழ 1.1 விழுக்காட்டுப் புள்ளி. அப்படியிருக்கத் தசமத்தின் நான்காம் இடம் வாசகருக்கு என்ன சொல்கிறது? பல ஓட்டங்களின் சராசரி என்பதால் அப்படி வந்தது என்றார். சராசரியாயினும் 93.4 என்று எழுதி, ஓட்டங்களுக்கிடையேயான திட்டவிலக்கத்தை அருகில் தருவதே நேர்மை. இலக்கங்களைக் குறைத்ததும் அட்டவணை ஒரு நெடுவரிசைக்குள் அடங்கிவிட்டது. முன்பு அது பக்கத்தின் முழு அகலத்தையும் பிடித்திருந்தது. செங்குத்துக் கோடுகளையும் எடுத்துவிட்டோம். மேலே ஒன்று, தலைப்பு நிரைக்குக் கீழே ஒன்று, அடியில் ஒன்று என மூன்று கிடைக்கோடுகள் போதும். ஐ.இ.இ.இ. நடையில் அட்டவணையின் தலைப்பு மேலே, ரோமன் எண்ணோடு வரும். படத்தின் விளக்கம் கீழே, சாதாரண எண்ணோடு வரும். வார்ப்புரு எண்ணைத் தானே இட்டுக்கொள்ளும். மேலே வைப்பதா கீழே வைப்பதா என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

மேற்கோள் பட்டியல் கடைசியில் வருவதால் கடைசியில் பார்க்கப்படுகிறது. அதிலிருக்கும் பிழைகளோ மதிப்பாய்வாளர் கண்ணில் உடனே படுகின்றன, ஏனென்றால் தம் கட்டுரை அங்கே இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். தேடுபொறியிலிருந்து ஒரு சொடுக்கில் எடுத்த பதிவுகளை அப்படியே ஒட்டினால், ஒரே மாநாட்டின் பெயர் ஓரிடத்தில் முழுப் பெயராகவும், இன்னோரிடத்தில் சுருக்கமாகவும், மூன்றாமிடத்தில் ஆண்டு முன்னொட்டோடும் நிற்கும். ஒரு கட்டுரை, மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரைகளை வெளியிடும் ஆர்க்கைவ் தளத்தில் முன்பதிப்பாக வந்து பிறகு மாநாட்டில் வெளியாகியிருந்தால், வெளியான வடிவத்தையே காட்ட வேண்டும். முன்பதிப்பையே காட்டுவது அந்த ஆசிரியர்கள் மதிப்பாய்வில் தேறிய உழைப்பை மறைப்பதாகும். லேடெக்குக்கு மேற்கோள் பட்டியலை அமைத்துத் தரும் பிப்டெக்கில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பல நடைக்கோப்புகள் கட்டுரைத் தலைப்பில் முதல் எழுத்தைத் தவிர மற்றப் பெரிய எழுத்துகளையெல்லாம் சிறிய எழுத்தாக்கிவிடும். ஆங்கிலத் தலைப்பில் ‘தமிழ்’ என்ற மொழிப்பெயரோ ‘பேய்ஸ்’ என்ற ஆள்பெயரோ வந்தால், அவை சிறிய எழுத்தில் தொடங்கும் சாதாரணச் சொற்களாகிவிடும். அந்தச் சொல்லைச் சுற்றி ஓர் இணை நெளிவு அடைப்பு இட்டால் பெரிய எழுத்து காப்பாற்றப்படும். என் பழைய கட்டுரைகளில் ஒன்று நம் மொழியின் பெயரைச் சிறிய எழுத்தில் சுமந்துகொண்டு இன்றும் மின்நூலகத்தில் நிற்கிறது. அதைத் திருத்த இனி வழியில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம்.

ஆசிரியர் பெயர் தெரியாமல் மதிப்பாய்வு நடக்கும் மாநாடுகளில் பெயரை முதல் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டால் மட்டும் போதாது. நன்றியுரையில் நிதி வழங்கிய திட்டத்தின் எண் இருக்கும், நிரல் வைத்திருக்கும் தளத்தின் முகவரியில் நம் பயனர்பெயர் இருக்கும், பி.டி.எஃப். கோப்பின் பண்புகளைத் திறந்தால், அலுவலகக் கணினியில் பதிவாகியிருக்கும் பெயர் ஆசிரியர் என்ற இடத்தில் வந்து நிற்கும். “எங்கள் முந்தைய ஆய்வில் [7] காட்டியதுபோல” என்ற தொடர் எல்லாவற்றையும் சொல்லிவிடும். அதை “முந்தைய ஆய்வு ஒன்று [7] காட்டியதுபோல” என்று படர்க்கையில் எழுத வேண்டும். மேற்கோளையே நீக்கிவிடுவதும் தவறுதான். அப்படி நீக்கினால் மதிப்பாய்வாளர் அந்தப் பழைய ஆய்வைத் தாமே கண்டுபிடித்து, அதைக் குறிப்பிடாமல் விட்டதாகக் குறை சொல்லக்கூடும். நிரலைக் காட்டியே ஆக வேண்டுமென்றால், பெயர் மறைத்த பிரதியாகத் துணைக் கோப்பில் இணைப்பதே பாதுகாப்பானது.

சுருக்கத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 150 முதல் 250 சொற்கள், ஒரே பத்தி, மேற்கோள் எண்ணும் சமன்பாடும் வேண்டாம், ஒரு முடிவாவது எண்ணாக இருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பக்கம் கூடினால் என்ன செய்வது? விதியைத் தொடாமல் இடம் மீட்கும் வழி ஒன்று உண்டு. அது எழுத்தையும் மேம்படுத்தும். அச்சிட்ட தாளை எடுத்து, கடைசி வரியில் ஒன்றிரண்டு சொற்களே தொங்கி நிற்கும் பத்திகளைப் பென்சிலால் வட்டமிட வேண்டும். ஒவ்வொரு பத்தியிலும் நான்கைந்து சொற்களைக் குறைத்தால் ஒரு முழு வரி மீளும். அந்த 6 பக்கக் கட்டுரையில் இப்படிப்பட்ட பத்திகள் பதினான்கு இருந்தன. ‘என்பது குறிப்பிடத்தக்கது’, ‘என்பதை நாம் இங்கே காணலாம்’ போன்றவற்றுக்கு ஈடான ஆங்கிலத் தொடர்கள்தாம் பெரும்பாலும் போயின. ஒரு தகவலும் போகவில்லை. பதினான்கு வரியில் தரவைப் பிரித்த முறையை முழுமையாக விளக்க இடம் கிடைத்தது. அதே தாளில் நெடுவரிசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சமன்பாடுகளையும் குறித்துக்கொள்ளலாம். லேடெக் தன் செய்திப் பதிவில் வரி நிரம்பி வழிகிறது என்று எச்சரிப்பது இவற்றைத்தான். அந்த எச்சரிக்கைகளைப் படிக்காமல் கடந்துபோகும் பழக்கம் எல்லாரிடமும் இருக்கிறது. ஒரு சமன்பாடு பக்கத்து நெடுவரிசையின் எழுத்தின்மேல் ஏறி நிற்பதைப் பார்க்கும்போது, படிப்பவருக்கு ஆசிரியரின் கணக்கின்மீதே நம்பிக்கை குறைகிறது.

கெடு பெரும்பாலும் ‘பூமியில் எங்கேனும்’ என்ற நேரக்கணக்கில் தரப்படும். அது ஒருங்கிணைந்த உலக நேரத்துக்கு 12 மணி பின்தங்கியது. ஆகவே அங்கே இரவு 11.59 என்றால் உலக நேரப்படி மறுநாள் காலை 11.59. கூடுதலாகக் கிடைத்த அந்த மணிகளை நம்பி வேலையைத் தள்ளாமல் இருப்பதே நல்லது. கெடுவுக்கு முந்தைய நாளே முழுமையான ஒரு பிரதியை ஏற்றிவிடலாம். கெடு முடியும்வரை அதை மாற்றிக்கொள்ளப் பெரும்பாலான தளங்கள் இடம் தருகின்றன. கடைசி ஒரு மணி நேரத்தில் தளம் திணறும்போது, ஏற்கெனவே அங்கே ஒரு பிரதி இருக்கிறது என்பது தரும் நிம்மதியை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

ஏற்கப்பட்ட பிறகு அச்சுக்குரிய இறுதிப்படி தயாரிக்கும் வேலை தொடங்குகிறது. இங்கேதான் எழுத்துரு என்னை ஒருமுறை வதைத்தது. மாநாடு சொன்ன சரிபார்ப்புத் தளத்தில் கோப்பை ஏற்றினேன். மாநாடு ஏற்காத ‘மூன்றாம் வகை’ (டைப் 3) எழுத்துரு இருக்கிறது என்று அது திருப்பி அனுப்பியது. கெடுவுக்கு ஐந்து மணி நேரம். என் கட்டுரை முழுவதும் டைம்ஸ் எழுத்துருவில்தான் இருந்தது. எங்கிருந்து வந்தது இந்த மூன்றாம் வகை? கோப்பிலுள்ள எழுத்துருக்களைப் பட்டியலிடும் ‘பி.டி.எஃப். ஃபான்ட்ஸ்’ என்ற சிறு கருவியை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்துருவின் பெயரும் வகையும், அது கோப்புக்குள் பொதிந்திருக்கிறதா என்பதும் வரிசை வரிசையாக வந்தன. எல்லாம் முதல் வகை, பொதிந்தவை. நான்கே நான்கு மட்டும் மூன்றாம் வகை. அந்த நான்கும் என் வரைபடங்களுக்குள் இருந்தவை. மேட்பிளாட்லிப் நாம் மாற்றாதவரை மூன்றாம் வகையாகத்தான் எழுத்தை எழுதுகிறது. அதன் அமைப்பில் எழுத்துரு வகை என்ற இடத்தில் 3 என்பதை 42 ஆக்கினால் ட்ரூடைப் என்ற வேறு வகையாக எழுதும். ஒரே ஒரு வரி. ஆனால் அந்த வரிக்காக எல்லாப் படங்களையும் மறுபடி வரைய வேண்டும். ஒரு படத்தின் தரவுக் கோப்பை நான் வேறெங்கோ நகர்த்தி வைத்திருந்தேன். அதைத் தேடிப் பிடிக்கவே இரண்டு மணி நேரம் போயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் அதை வரையும் நிரலையும் தரவையும் கட்டுரையின் கோப்புறைக்குள்ளேயே வைக்கிறேன். அந்த 42ஐ நிரலின் முதல் வரியாக எழுதுகிறேன்.

இறுதிப்படியில் ஆசிரியர் பெயர்கள் திரும்ப வர வேண்டும். நன்றியுரையும் நிரலின் உண்மையான முகவரியும் திரும்ப வர வேண்டும். மதிப்பாய்வாளர்கள் கேட்ட திருத்தங்களுக்காகச் சில மாநாடுகள் ஒரு பக்கம் கூடுதலாகத் தருகின்றன. அதைப் புதிய சோதனையைச் செருகப் பயன்படுத்தாமல், அவர்கள் புரியவில்லை என்று சொன்ன இடத்தை விரித்து எழுதப் பயன்படுத்துவதே முறை. ஐ.இ.இ.இ. மாநாடுகளில் பக்க எண் இடக் கூடாது. தொகுப்பில் சேர்க்கும்போது அவர்களே இடுவார்கள். பதிப்புரிமைப் படிவத்தை நிரப்பிய பின், முதல் பக்கத்தின் அடியில் வர வேண்டிய பதிப்புரிமை வரியை அவர்கள் தந்தபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் இட வேண்டும். தலைப்பும் ஆசிரியர் வரிசையும் சமர்ப்பிப்புத் தளத்தில் ஒரு விதமாகவும் கோப்பில் வேறு விதமாகவும் இருந்தால், மின்நூலகம் பெரும்பாலும் தளத்தில் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ளும். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை எல்லாக் கட்டுரைகளிலும் ஒரே மாதிரி வைப்பதும், ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்சிட் எண்ணை இணைப்பதும், ஒரே ஆளின் உழைப்பு மூன்று ஆட்களின் கணக்கில் சிதறாமல் காக்கும்.

அந்த இளம் ஆய்வாளர் சென்ற வியாழக்கிழமை, கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாகத் தம் கட்டுரையை ஏற்றினார். ஏற்றியவுடன் எழுந்திருக்கப் போனவரை உட்காரச் சொல்லி, தளத்தில் இருக்கும் பிரதியை மறுபடி பதிவிறக்கச் சொன்னேன். தம் கணினியில் இருப்பதைப் பார்க்காமல், மதிப்பாய்வாளருக்குப் போகப்போகும் அந்தக் கோப்பையே அச்சிட்டுப் பார்த்தோம். 6 பக்கம். நான்காம் பக்கத்தில் ஒரு மேற்கோள் எண் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி நின்றது. பிப்டெக் பதிவின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. திருத்தி, மறுபடி ஏற்றி, மறுபடி பதிவிறக்கி, அந்த இடத்தில் [12] வந்திருப்பதைக் கண்ட பிறகுதான் இருவரும் எழுந்தோம்.